ராத்திரித் தூண்டிலுக்குக் கம்பு நுனியில் லைட்: எதை, எங்கே, எப்படிக் கட்ட?

ஆத்தங்கரை_முக்கூடல் (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தாமிரபரணியில ராத்திரி கெளுத்திக்கும் விலாங்குக்கும் அடித்தூண்டில் போட, கம்பு நுனியில சின்ன லைட் வைக்கணும். கம்பு ரெண்டு வகை. ஒண்ணு 8 அடி டெலஸ்கோப்பிக் ராடு, ஸ்பின்னிங் ரீலு, 0.35 மி.மீ. தூண்டில் நரம்பு, 30 கிராம் ஈயம். இன்னொண்ணு 12 அடி மூங்கில் கம்பு, ரீல் கெடையாது, குளத்துல தக்கை வச்சுப் போடுறது.

இதுவரை வர்ற சிக்கல் எல்லாத்தையும் ஒரே இடத்துல கேக்கேன்:

1. குளோ ஸ்டிக் முதல் ரெண்டு மணி நேரம் பளிச்சுன்னு எரியுது, அப்புறம் மங்கிருது. 37 மி.மீ. நீளம், 4.5 மி.மீ. தடிமன் உள்ளது.
2. கூட வர்ற பிளாஸ்டிக் கிளிப், வீசும்போது தெறிச்சுப் போகுது. இல்லன்னா நரம்பு அதுல சுத்திக்கிடுது.
3. வெள்ளை எல்இடி கட்டினா பூச்சி மொய்க்குது. கம்பைத் தவிர சுத்தி ஒண்ணும் தெரியல.
4. நுனி லைட்டையே பாத்துக்கிட்டு இருந்தா மீன் இல்லாமலே அது ஆடுற மாதிரி இருக்கு. சுண்டினா வெறும் முள்ளு வருது.
5. தக்கைக்கு எந்த லைட்? அதே குளோ ஸ்டிக்கை மேல சொருகினா தக்கை சாஞ்சு படுத்துருது.

சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் உண்டு. கடையில வாங்குறதானாலும் சரி, செஞ்சுக்கிடுறதானாலும் சரி.

---

பொருநைப்பாறை

தம்பி, நாலாவதைத்தான் முதல்ல தீக்கணும். அது லைட்டோட கோளாறு இல்ல, கண்ணோட குணம். இருட்டுல ஒத்தைப் புள்ளி வெளிச்சத்தை விடாம உத்துப் பாத்தா, கொஞ்ச நேரத்துல அது தானா நகருற மாதிரி தெரியும். ஒப்பிட்டுப் பாக்கப் பக்கத்துல வேற ஒண்ணும் தெரியாததுனால புள்ளி நிக்குதா நகருதான்னு மூளைக்குப் பிடிபடாது. விமானம் ஓட்டுதவங்களுக்கு ராத்திரிப் பயிற்சியில இதைத் தனியாவே சொல்லிக் குடுப்பாவ. லைட்டைக் கூட்டினா இது சரியாகாது. ரெண்டாவது புள்ளி ஒண்ணு வேணும்.

நீ உக்காருற எடத்துல இருந்து பாத்தா, கம்பு நுனிக்குப் பின்னால அரையடிக்குள்ள தெரியுற மாதிரி ஒரு குச்சியைக் கரையில ஆழமா ஊணு. நுனி இருக்கிற அதே உயரத்துல அந்தக் குச்சியில வண்டிக்கு ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கர் ஒரு வெரக்கடை ஒட்டு, இல்ல மங்கலா இன்னொரு லைட்டைக் கட்டு. இப்ப ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் நீ பாக்கே. இடைவெளி மாறினா மீன், மாறலன்னா கண்ணு ஏமாத்துது. ரேடியம் ஸ்டிக்கர் தானா ஒளிராது, நெத்தி லைட் பட்டாத்தான் தெரியும். அதனால நெத்தி லைட்டை சிவப்புல மங்கலா வச்சுக்கிடணும், இல்லன்னா குச்சிக்கும் தனி லைட்டே போட்டுரு. குச்சி கம்பைத் தொடக்கூடாது, நரம்பு போற பாதையிலயும் நிக்கக்கூடாது. காலு தட்டாத எடமா ஊணு.

குச்சி ஊண முடியாத பாறைக் கரைன்னா கம்பிலேயே ரெண்டு லைட் கட்டலாம். நுனியில ஒண்ணு, அதுக்கு முக்கால் மீட்டர் கீழ ஒண்ணு. நுனி வளையும்போது ரெண்டுக்கும் உள்ள கோணம் மாறும். ஆனா கெளுத்தி சும்மா தட்டிப் பாக்கிற அந்த மொதத் தட்டு இதுல அவ்வளவா தெரியாது. குச்சி வச்சா அதுவும் தெரியும்.

இனி லைட்டைக் கட்டுற எடம். மொதப் பார்வைக்கு நுனி வளையத்துலேயே ஒட்டணும்னு தோணும். வேண்டாம். நுனியோட உச்சியில ஒரு கிராம் கூடினாலும் கம்பு தானா ஊசலாடும், சின்னக் கடியை அந்த ஊசல் முழுங்கிரும். நுனி வளையத்துக்கும் ரெண்டாவது வளையத்துக்கும் நடுவுல, நுனியில இருந்து 6, 7 சென்டிமீட்டர் தள்ளி வை. ஸ்பின்னிங் ராடுக்கு வளையம் கீழ தொங்கும், நரம்பு கீழதான் ஓடும். அதனால லைட் மேல முதுகுப் பக்கம் இருக்கணும். வளையம் இருக்கிற பக்கமே கட்டினா வீசுறப்ப நரம்பு வளைஞ்சு வந்து அதுலதான் மாட்டும். உன்னோட ரெண்டாவது சிக்கல்ல பாதி இதுதான்.

மீதிப் பாதி அந்த கிளிப்பு. அதை விட்டுரு. பழைய சைக்கிள் டியூப்புல 5 மி.மீ. அகலம், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு நாடா வெட்டு. லைட்டைக் கம்போட சேத்து வச்சு, நாடாவை நல்லா இழுத்துப் பிடிச்சு நாலு சுத்து சுத்து. கடைசிச் சுத்துக்கு அடியில வாலைச் சொருகி இழு. முடிச்சு போடாதே, அதுல நரம்பு மாட்டும். கேபிள் டை போடுதாவ சில பேரு. வெட்டின முனை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கத்தி மாதிரி நிக்கும், நரம்பை உரசி அறுக்கும். இன்சுலேஷன் டேப் ராத்திரிப் பனியில நழுவும், கழட்டினா பிசுபிசுன்னு பசை ஒட்டும், அதுல மண்ணு சேரும்.

மூங்கில் கம்புக்கு நுனியில வளையம் கெடையாதுல்லா, அதுக்கு சைக்கிள் வால்வு டியூப் ஒண்ணரை சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு போதும். சோப்புத் தண்ணியில நனைச்சு நுனி வழியா ஏத்திக்கிட்டு, லைட்டோட தலையும் வாலும் அதுக்குள்ள நுழையுற மாதிரி விடு. அசையாது.

லைட்டோட தலை உன் பக்கம் பாக்கணும், தண்ணிப் பக்கம் பாக்கக்கூடாது. அடிப்பக்கமும் முன்பக்கமும் கறுப்பு டேப்பால மூடிரு. கோடையில முட்டளவு தெளிஞ்ச தண்ணியில நிக்கிற மீனுக்கு மேல வெளிச்சம் ஆடுறது நல்லதில்ல. நமக்கு வேண்டியது கம்பு நுனி எங்க இருக்குன்னு தெரியுறது மட்டுந்தான்.

நிறம்: கிட்ட இருக்கிற நுனிக்கு சிவப்பு. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். ஒரு வெள்ளை டார்ச் அடிச்சா அத்தனையும் போச்சு, மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கணும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவாக் கெடுக்காது. பூச்சியும் சிவப்புக்குக் கொறச்சலாத்தான் வரும். ஐப்பசி கார்த்திகையில பிசான நெல் நடவு சமயம், மழை வெறிச்ச ராத்திரி வெள்ளை லைட் போட்டுட்டு உக்காந்தா தூண்டில் போட முடியாது, ஈசல்தான் பொறுக்கலாம்.

கடியைப் பத்தி ஒரு வார்த்தை. கெளுத்தி படபடன்னு தட்டும், அப்புறம் ஒரே இழுப்பா இழுக்கும். தட்டுறப்ப சுண்டாதே, இழுப்புக்குக் காத்திரு. விலாங்கு தட்டாது. நுனி மெதுவா வளைஞ்சு அப்படியே நிக்கும். தண்ணியில வர்ற செத்தை நரம்புல மாட்டினாலும் இப்படித்தான் வளையும். செத்தைன்னா வளைவு கூடிக்கிட்டே போகும், விலாங்குன்னா கூடிக் கொறையும்.

---

சோல்டர்_சேரன்மாதேவி

பாறை அண்ணாச்சி சொன்னது கட்டுமானம். நான் கரண்டு பக்கத்தைச் சொல்கிறேன்.

குளோ ஸ்டிக் ஏன் சீக்கிரம் மங்குகிறது: அது ரசாயன வினை. உள்ளே கண்ணாடிச் சிமிழில் ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளியே ஆக்சலேட் எஸ்டரும் சாயமும். வளைத்துச் சிமிழை உடைத்ததும் இரண்டும் கலந்து ஒளி வருகிறது. வெப்பம் கூடக் கூட வினை வேகம் கூடும், அதனால் பிரகாசமும் கூடும், ஆயுளும் குறையும். நம்ம ஊர் சித்திரை வைகாசி ராத்திரிக்கு அது அப்படித்தான் நடந்துகொள்ளும். உடைத்தபின் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பாதி மட்டும் எரியும். அலுமினியப் பொட்டலத்தில் ஊசித் துளை இருந்தாலும் ஈரம் ஏறி உள்ளே கெட்டுப்போகும். இரண்டு இருக்கும் பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டையும் அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். பாதி எரிந்த ஸ்டிக்கை ஃபிரீசரில் வைத்தால் வினை மந்தமாகும், மறுநாள் எடுத்தால் மிச்சம் கொஞ்சம் எரியும். உள்ளே இருக்கும் திரவம் கண்ணில் பட்டால் எரிச்சல், சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். அறுத்துப் பார்க்க வேண்டாம், ஆற்றிலும் எறிய வேண்டாம்.

அடிக்கடி போகிறவருக்கு எல்இடிதான் கட்டுபடி. இரண்டு வழி.

முதல் வழி, டெலஸ்கோப்பிக் ராடுக்கு: சிஆர்425 என்ற ஊசி பேட்டரி போடும் லைட். 3 வோல்ட், 4.2 மி.மீ. தடிமன், 26 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த நீளம், எடை அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதனால் நுனியைக் கெடுக்காது. கொள்ளளவு சுமார் 25 மில்லி ஆம்பியர் மணி. எல்இடி 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 25 மணி நேரம். பிரகாசமான மாடல்கள் இரண்டு மூன்று எடுக்கும், அவை இரண்டு ராத்திரிக்குள் முடிந்துவிடும். 435 என்பது 10 மி.மீ. நீளம் கூடுதல், இரண்டு மடங்கு கொள்ளளவு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது, கூட்டின் நீளம் வேறு.

இந்த பேட்டரியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் துருவம். நடுவில் நீட்டி நிற்கும் ஊசிதான் மைனஸ், வெளி உடம்பு பிளஸ். டார்ச் செல் நினைப்பில் மேடான பக்கம் பிளஸ் என்று எடுத்துக்கொண்டு சோல்டர் செய்தால் எரியாது. வெளி உடம்பு பிளஸ் என்பதால் நாலைந்தை ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் ஒன்றின் ஊசி மற்றதின் உடம்பில் பட்டு இணைப்பு உண்டாகி, வீட்டிலேயே தீர்ந்துபோகும். ஜூஸ் ஸ்ட்ராவை வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொருகி வையுங்கள். லைட்டிலிருந்து கழற்றும்போது ஊசியைக் குறடால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும். உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். லித்தியம் செல் சாகும் தறுவாய் வரை சும்மா அளந்தால் 3 வோல்ட் பக்கம்தான் காட்டும். எல்இடியை எரியவிட்டு, எரியும்போதே அளக்க வேண்டும். 2.7க்குக் கீழே போனால் அந்த ராத்திரிக்கு நம்பிக் கொண்டுபோக முடியாது.

இரண்டாவது வழி, மூங்கில் கம்புக்கு. நாமே செய்வது:

3 மி.மீ. சிவப்பு எல்இடி ஒன்று, 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு), சிஆர்2032 செல், அதற்கான ஹோல்டர், மோட்டார் வைண்டிங் கடையில் 36 கேஜ் எனாமல் கம்பி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் 3 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாய். அவ்வளவுதான்.

சிவப்பு எல்இடிக்கு 1.8 வோல்ட் போதும். மிச்சம் 1.2 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கும், ஓடுவது 1.2 மில்லி ஆம்பியர். 2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220, வகுத்தால் 180 மணி நேரம். கடைசிப் பகுதியில் மங்கும், ஆனாலும் 100 மணி நேரம் தாராளம். கண்ணுக்கு அதிகமாகத் தோன்றினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு அதுவே போதும்.

2032 செல் 3 கிராம் இருக்கும், நுனியில் வைக்கக்கூடாது. எல்இடி மட்டும் நுனியில், செல் கைப்பிடிப் பக்கம். நடுவில் எனாமல் கம்பி இரண்டு இழையை மூங்கிலோடு படிய ஓட்டி, இரண்டு சாண் இடைவெளிக்கு ஒரு கட்டு நூல் கட்டி, மேலே வார்னிஷ் ஒரு பூச்சு. எனாமல் கம்பியின் முனையை நெருப்பில் வாட்டி, எமரித் தாளால் சுரண்டி, செம்பு பளபளத்த பிறகே சோல்டர் வைக்க வேண்டும். பாதி சுரண்டியது அன்றைக்கு எரியும், கம்பு வளையும்போது விட்டுவிடும்.

எல்இடியில் நீளக் கால் பிளஸ். தெளிவான கண்ணாடித் தலை உள்ளது ஒரே பக்கம் கூராக அடிக்கும், கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் தெரியாது. பால் போன்ற மங்கல் தலை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 400 எண் எமரித் தாளில் தலையைத் தேய்த்துவிட்டால் எல்லாப் பக்கமும் சமமாக ஒளிரும்.

செல்லின் மேல் நேரடியாக சோல்டரிங் அயர்னை வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே சீல் போய்விடும், வெடிக்கவும் செய்யும். ஹோல்டர் இல்லையென்றால் கால்களைச் செல்லின் இரு பக்கமும் அணைத்து டேப் சுற்றுங்கள். சுவிட்சுக்கு, காலுக்கும் செல்லுக்கும் இடையில் பால் கவர் துண்டு ஒன்றைச் செருகிவிட்டால் போதும். இழுத்தால் எரியும், செருகினால் அணையும்.

இந்த வட்டச் செல்லைச் சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் உணவுக்குழாயே வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்த செல்லும் அப்படித்தான். மீன் பையில் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் வைக்காதீர்கள்.

---

ஆத்தங்கரை_முக்கூடல்

ரொம்ப நன்றி அண்ணாச்சி ரெண்டு பேருக்கும். பச்சை எல்இடி போட்டா அதே 1 கிலோ ஓம்தானா? அப்புறம் ஆடி மாசம் காத்துல கம்பு சும்மாவே ஆடுமே, அப்ப குச்சி வச்சாலும் இடைவெளி மாறிக்கிட்டே இருக்குமே?

---

சோல்டர்_சேரன்மாதேவி

பச்சைக்கு ரெசிஸ்டர் வேண்டியதில்லை, இல்லையென்றால் 47 ஓம் போதும். இப்போது வரும் பளிச்சென்ற பச்சை எல்இடிக்கே 2.8 வோல்ட் பக்கம் தேவை; 1 கிலோ ஓம் போட்டால் மினுக்குவதோடு சரி. அதே காரணத்தால் செல் கொஞ்சம் இறங்கினாலும் பச்சை சட்டென்று மங்கும். சிவப்பு செல்லின் கடைசிச் சொட்டு வரை எரியும். பழைய ரக மஞ்சள் பச்சை வேறு, அது 2 வோல்ட்டில் எரியும், அதற்கு ரெசிஸ்டர் உண்டு. எது என்று தெரியாவிட்டால் 1 கிலோ ஓமோடு ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

---

உவரிக்கரை

காத்துக்கு நான் சொல்லுதேன். கடல் பக்கம் வருஷம் முழுக்க இதோடதான் மல்லு.

ஆனி தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்கே இருந்து அடிக்கிற காத்து, கயத்தாத்துலயும் முப்பந்தல்லயும் காத்தாடி சுத்துற அதே காத்துதான், ஆத்துப் பள்ளத்துலயும் நுழையும். ராத்திரி பத்து மணிக்கு மேல கொஞ்சம் தணியும், சில நாள் தணியாது. அப்ப கம்பைத் தூக்கி நிறுத்தாதீங்க. பிடியை கவைக்குச்சியில உயர்த்தி, நுனியைத் தண்ணிக்கு ஒரு சாண் மேல வரைக்கும் தாழ்த்திருங்க. காத்து பிடிக்கிறது முக்கியமா கம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல தொங்குற நரம்பைத்தான். அந்த நீளம் கொறஞ்சா ஆட்டமும் கொறையும். கம்பு காத்து வர்ற திசையைப் பாத்து இருந்தா நல்லது. குறுக்க இருந்தா முழு நீளமும் காத்தை வாங்கும். அப்படியும் ஆடுதுன்னா ஈயத்தைக் கூட்டி நரம்பை இறுக்குங்க.

நரம்பு இறுக்கமா இருக்கிற கம்புல காத்து ஆட்டம் ஒரே சீரா இருக்கும். மீன் கடிச்சா சீர் தப்பும். இடைவெளி கூடிக் கொறையுறதைப் பாக்காதீங்க, சீர் தப்புறதைப் பாருங்க. இன்னொண்ணு, மீன் நம்ம பக்கம் நீந்தி வந்தா நரம்பு தளர்ந்து நுனி நிமிர்ந்துரும். லைட் மேல போச்சுன்னா அதுவும் கடிதான், சட்டுனு ரீலைச் சுத்தணும்.

மணி கட்டுறதைப் பத்திக் கேக்காம விட்டுட்டீங்க. லைட் வச்ச கிளிப் மணி கடையில கெடைக்கும். காத்து நாள்ல அது கோயில் மணியா அடிச்சுக்கிட்டே இருக்கும், எடையும் கூட. காத்து இல்லாத ராத்திரி, ரெண்டு மூணு கம்பு போட்டுருக்கவங்களுக்கு உதவும். அசைஞ்சா மட்டும் எரியுற லைட் வருது, உள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்ச். அதுவும் காத்துல எரிஞ்சே தீந்துரும்.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் கரையில நின்னு 12 அடி ராடுல 100 கிராம் ஈயம் வீசுறவங்களுக்குக் கணக்கே வேற. அலைக்கு மேல நரம்பு நிக்கணும்னு பிவிசி குழாய்ல கம்பை நட்டமா நிறுத்துவோம். லைட் பத்தடிக்கு மேல நிக்கும், அங்க 425 மங்கல், 435 வேணும். அந்த வீச்சுல டியூப் நாடா மட்டும் போதாது. நாடாவுக்கு மேல ஒரு சுத்து டேப்பும் போடணும். நூல் நரம்பு (பல இழை பின்னினது) பயன்படுத்தினா லைட்டை ரெண்டாவது வளையத்துக்குக் கீழ இறக்கிருங்க, நூல் நரம்பு காத்துல பறந்து நுனிப் பக்கம்தான் சுத்தும்.

உப்புத் தண்ணி: லைட்டை நல்ல தண்ணியில கழுவி, பேட்டரியைக் கழட்டி, துடைச்சு வைக்கணும். ஒரு ராத்திரி அப்படியே விட்டா தொடுமுனை பச்சை பூத்துரும். மூடியில இருக்கிற ரப்பர் வளையத்துக்கு வாசலின் லேசாத் தடவினா தண்ணி ஏறாது. நெறையத் தடவினா தொடுமுனையில ஒட்டி லைட் எரியாது.

கடல் பக்கம் ஒரு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிருதேன். 2017 நவம்பர்ல மத்திய அரசு லைட் அடிச்சு மீன் கூட்டிப் பிடிக்கிறதைத் தடை பண்ணுச்சு. அது ஜெனரேட்டர் வச்சுத் தண்ணியில வெளிச்சம் பாய்ச்சி மீனை வரவைக்கிற படகுகளுக்கு. கம்பு நுனியில இருக்கிற பொட்டு வெளிச்சம் மீனைக் கூட்டுறதும் இல்ல, தண்ணியில படுறதும் இல்ல.

---

மானூர்த்தக்கை

ஐந்தாவது கேள்விக்கு யாரும் வரலையே. குளத்துக்கு மூங்கில் கம்புன்னா நுனி லைட்டே தேவை இல்லை. பாக்க வேண்டியது தக்கையைத்தான். நுனி எங்க இருக்குன்னு தெரிய ரேடியம் ஸ்டிக்கர் ஒரு சுத்து போதும். எனாமல் கம்பி வேலை எல்லாம் அடித்தூண்டில் போடுற மூங்கிலுக்கு வச்சுக்கோங்க.

தக்கை சாயுறதுக்குக் காரணம் தலைப்பாரம். பகல் தக்கை மேல குளோ ஸ்டிக் ஏறினதும் எடை மேல போயிருச்சு. ரெண்டு வழி. ஒண்ணு, 2, 3 மி.மீ. தடிமன்ல வர்ற சின்ன ஸ்டிக்கைப் போட்டு, தக்கையோட அடிக்காம்புல செம்புக் கம்பி பத்து சுத்து சுத்தி அடிப்பாரம் ஏத்துங்க. கூடின எடைக்கு ஈயத்துல கொறைச்சுக்கணும், இல்லன்னா தக்கை முங்கிரும். ரெண்டாவது, 425 பேட்டரியோட வர்ற ராத்திரித் தக்கை. அதுலயும் பேட்டரி மேல்பக்கம்தான் இருக்கும், ஆனா காம்பு நீளமா அதுக்கேத்த மாதிரி செஞ்சிருப்பாங்க. எதானாலும் வீட்டுல வாளித் தண்ணியில போட்டு, ஒளிருற பகுதி தண்ணிக்கு மேல மூணு நாலு சென்டிமீட்டர் நிக்கிற மாதிரி ஈயத்தைச் சரி பண்ணிட்டுக் கெளம்புங்க. இருட்டுல போய் ஈயம் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாது. பேட்டரி போட்டே பாருங்க. போடாம சமன் பண்ணினா குளத்துல தக்கை முழுகும்.

நிறம் பச்சை. எட்டு பத்து மீட்டர் தள்ளி, இருட்டுக்குப் பழகின கண்ணு பச்சையைத்தான் நல்லாப் பிடிக்கும். சிவப்பு அந்தத் தூரத்துல நேரா உத்துப் பாத்தாத்தான் தெரியும், கண்ணு கொஞ்சம் விலகினா காணாமப் போயிரும்.

பாறை அண்ணாச்சி சொன்ன ரெண்டாவது புள்ளி குளத்துல ஓசியிலேயே கெடைக்கும். தண்ணி அசையாம இருந்தா தக்கை லைட்டுக்குக் கீழ அதோட பிம்பமும் தெரியும். லைட் தண்ணிக்கு மேல எவ்வளவு இருக்கோ, பிம்பம் அவ்வளவு கீழ. தக்கை அரை சென்டிமீட்டர் இறங்கினா ரெண்டு புள்ளியும் ஒரு சென்டிமீட்டர் நெருங்கும். அதாவது அசைவு ரெண்டு பங்காத் தெரியும். ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிட்டா தக்கை முங்குதுன்னு அர்த்தம், சுண்டலாம். ரெண்டும் விலகினா மீன் இரையைத் தூக்கிக்கிட்டு மேல வருது, ஈயத்தோட பாரம் விட்டுப்போய் தக்கை எழும்புது. கெண்டை வகை மீன் இப்படித் தூக்கும். ரெண்டும் சேந்து பக்கவாட்டுல நகர்ந்தா காத்தாவும் இருக்கலாம், கெளுத்தியாவும் இருக்கலாம். தாமரை இலை, பாசி பக்கம் போய் நின்னா காத்து. அதைத் தாண்டிப் போனா மீன்.

ஆத்துல ஓட்டம் இருக்கிற எடத்துல இந்தப் பிம்பம் உடைஞ்சு போகும், அங்க அண்ணாச்சி சொன்ன குச்சிதான்.

---

பாளையங்கால்வாய்

லைட்டைப் பத்தி எல்லாம் வந்துருச்சு. சுத்துவட்டாரத்துக்குச் சிலது.

குளத்துல மீன்பாசி குத்தகை (மீன் பிடிக்கிற உரிமை) யாருக்குன்னு கேட்டு, அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. ராத்திரி கரையில லைட் ஆடினா காவக்காரன் வலைக்காரன்னுதான் நெனைப்பான். கூந்தன்குளம் சரணாலயம், களக்காடு முண்டந்துறை காட்டுக்குள்ள இருக்கிற ஆறு அணை எல்லாத்துலயும் தூண்டிலே கூடாது, லைட் பேச்சே இல்லை.

கார்பன் ராடு கரண்டைக் கடத்தும். வயக்காட்டு மோட்டாருக்குப் போற கம்பி கால்வாய்க்குக் குறுக்க தாழ்வாத் தொங்கும், ராத்திரி தெரியாது. பகல்லயே எடத்தைப் பாத்து வையுங்க. நடக்கும்போது கம்பை மடக்கிக்கிட்டு நடங்க.

போற வழிக்கு நல்ல வெள்ளை டார்ச்சே வேணும், அங்க சிவப்பு சிக்கனம் வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், கரைப் புல்லுல விரியனும் கெடக்கும். உக்காந்த பிறகு அணைச்சுக்கலாம். மீனைக் கழட்டும்போது மறுபடி வெள்ளை போடுங்க. கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு, குத்தினா கடுத்துப் போயிரும். துணியால அமுக்கிப் பிடிச்சு குறடால தூண்டில் முள்ளைக் கழட்டுங்க.

அணையில தண்ணி தெறப்பு கூட்டினா ஆத்துல சத்தமில்லாம மட்டம் ஏறும். தண்ணி ஓரத்துல ஒரு குச்சி ஊணி, தண்ணியை ஒட்டி ஒரு ரேடியம் ஸ்டிக்கர், அதுக்கு ஒரு சாண் மேல இன்னொண்ணு. கீழது முங்கினா சாமானைக் கட்டுங்க. மேலது முங்குற வரைக்கும் நடு ஆத்துப் பாறையில உக்காந்திருக்கக் கூடாது.

---

ஆத்தங்கரை_முக்கூடல்

எல்லாருக்கும் நன்றி. டெலஸ்கோப்பிக்குக்கு 425 சிவப்பு, டியூப் நாடா, குச்சி. தக்கைக்குப் பச்சை. ஒரே ஒரு சந்தேகம்: ரெண்டு ராடு பக்கம் பக்கமாப் போட்டா ரெண்டும் சிவப்புன்னா குழம்பாதா? ஒண்ணைப் பச்சை ஆக்கலாமா?

---

பொருநைப்பாறை

ஆக்கலாம். ஆனா சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத கண்ணு ஆம்பளைகள்ல நெறையப் பேருக்கு உண்டு, கூட வர்றவன் அப்படின்னா பிரயோஜனப்படாது. அதைவிட ரெண்டாவது ராடுக்கு லைட்டு நடுவுல கறுப்பு டேப்பு ஒரு கீத்து சுத்திரு. ஒரு புள்ளின்னா முதல் ராடு, பிளந்த புள்ளின்னா ரெண்டாவது. ராடுக்கு ராடு ரெண்டு மீட்டராவது தள்ளி வை, கீழ்ப்பக்க ராடை முதல்ல வீசு. மேல்பக்கத்துல மொதல்ல போட்டா அந்த நரம்பை ஓட்டம் கீழ தள்ளிக்கிட்டு வந்து ரெண்டையும் பின்னிரும்.